இன்றைக்கு வேண்டாம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இது. நண்பர்கள் நால்வர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். சாகாவரம் கிடைத்தால் வாங்கிக்கொள்வீர்களா என்று ஒருவன் ஆரம்பித்தான். மற்ற இருவரும் அவனும் சேர்ந்து, “ஐயோ வேண்டவே வேண்டாம், அது வரமில்லை, சாபம்” என்றார்கள். சாவு இருப்பதால்தான் வாழ்க்கைக்கு அர்த்தமாம். முடிவில்லாமல் போனால் எல்லாம் சலித்துவிடுமாம். எனக்கு வேண்டும் என்று நான் மட்டும் சொன்னேன். பேராசைக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

என் வாதம் எளிமையானது. இன்று சாகிறாயா என்று கேட்டால் மாட்டேன் என்பேன். நாளை கேட்டாலும் அதே பதில்தான். உடம்பும் புத்தியும் நன்றாக இருந்தால் நூறு வருடம் கழித்துக் கேட்டாலும் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்றுதான் சொல்வேன். எந்த நாளிலும் சாக விருப்பமில்லை என்றால், என்றைக்கும் வாழ விரும்புகிறேன் என்றுதானே அர்த்தம்? கூட்டிப் பார்த்தால் அதுதானே வருகிறது?

எனக்கு வயது 51. போன வருடம் அப்பா போனார். கடைசி நாட்களில்கூட அவர் ‘போதும்’ என்று சொல்லவில்லை. “மழை விட்டதும் ஜன்னலைத் திறந்து வை” என்றார். அதனால்தானோ என்னவோ, சாவுக்கு வக்காலத்து வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. நான் நினைப்பது தவறா? அப்புறம் ஒரு நேரடிக் கேள்வி. சாகாமல் இருக்க ஒரு மாத்திரை கொடுத்தால் நீங்கள் விழுங்குவீர்களா? மழுப்பாமல் பதில் சொல்லவும். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

தவறில்லை. உங்கள் நண்பர்கள் பேசியது பெரும்பாலும் எட்டாத பழத்தைப் பார்த்து நரி சொன்ன பேச்சு. நானும் அந்த நரிக் கூட்டத்தில் இருந்தவன்தான். மரணத்தை ஆசான் என்றும் அழகு என்றும் புகழ்ந்து ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். அதற்கு இரண்டு வருடம் கழித்து என் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஊசி போட்டுத் திசு எடுத்தார்கள். முடிவு வர மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளில் என் கட்டுரையின் ஒரு வரிகூட எனக்கு உதவிக்கு வரவில்லை. சட்டைக் காலருக்கு மேலே விரலை வைத்து, நேற்றைவிடப் பெரிதாகியிருக்கிறதா என்று அரைமணிக்கு ஒரு தரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதாரணக் கொழுப்புக் கட்டிதான் என்று தெரிந்தபோது, ‘அடடா, ஆயுள் நீண்டுவிட்டதே, அர்த்தம் கொஞ்சம் குறைந்துபோயிற்றே’ என்று நான் வருந்தவில்லை.

சாவுதான் அர்த்தம் தருகிறது என்றால், சின்ன வயதில் செத்தவர்களின் வாழ்க்கைதான் அதிக அர்த்தமுள்ளது என்று ஆகிவிடும். குழந்தையைப் பறிகொடுத்த வீட்டில் போய் இதைச் சொல்ல யாருக்காவது வாய் வருமா? நல்ல பாட்டு முடிவதால் நன்றாக இருப்பதில்லை, பாடுவதால் நன்றாக இருக்கிறது. மோசமான பாட்டுக்குத்தான் முடிவு ஒரு சிறப்பு. ஆக, கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு.

ஆனால் உங்கள் கூட்டல் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு நாளும் கேட்டு, ஒவ்வொரு நாளும் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்வது ஒன்று. வரப்போகிற அத்தனை நாளுக்கும் சேர்த்து இன்றே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வேறொன்று. நீங்கள் முதலாவதைக் கேட்டுவிட்டு இரண்டாவதற்கு ரசீது எழுதியிருக்கிறீர்கள்.

நம் கதை சொன்னவர்கள் இந்த வித்தியாசத்தை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். சிரஞ்சீவிகள் ஏழு பேர் என்று சொல்லும் சுலோகத்தில் அசுவத்தாமனும் இருக்கிறான், அனுமனும் இருக்கிறார். ஒரே பட்டியல். அனுமனுக்கு அது வரம். அசுவத்தாமனுக்கோ தண்டனை. தூங்கிக்கொண்டிருந்தவர்களை இரவில் வெட்டிக் கொன்று, கருவில் இருந்த பிள்ளை மீதும் அஸ்திரத்தை ஏவியவன் அவன். அவனைக் கொல்லவில்லை. நெற்றி மணியை வாங்கிக்கொண்டு, சீழும் ரத்தமும் நாற, பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லாமல் மூவாயிரம் வருடம் அலையும்படி சபித்து அனுப்புகிறார் கிருஷ்ணன். அவனுக்குக் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய தண்டனை உயிர்தான் என்று அந்தக் கதை முடிவு செய்திருக்கிறது.

அதே மகாபாரதத்தில் பீஷ்மர் வாங்கிய வரத்தையும் பாருங்கள். அவர் சாகமாட்டார் என்று அப்பா சந்தனு சொல்லவில்லை. நீ நினைக்கும்போதுதான் சாவு வரும் என்றார். அம்புப் படுக்கையில் கிடந்தபடி ஐம்பத்தெட்டு இரவு அவர் ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார். உத்தராயணம் வந்ததும் சரி என்றார். நீங்கள் கடிதத்தில் எழுதியிருக்கும் வாதத்தை நேராகக் கொண்டுபோனால் பீஷ்மரிடம்தான் போய் நிற்கும். சாகாவரம் என்று நீங்கள் அதற்குப் பெயர் வைத்துவிட்டதால் வழி தவறி அசுவத்தாமன் வீட்டு வாசலுக்குப் போய்விட்டீர்கள்.

அறிவியலிடம் கேட்டாலும் இவ்வளவுதான் கிடைக்கும் போலிருக்கிறது. பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ் என்பவர் 1825இல் ஒரு விதியைக் கண்டுபிடித்தார். வயது வந்த மனிதர்களுக்குச் சாவின் அபாயம் சீராக ஏறிக்கொண்டே போகிறது. ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்பது இன்றைய கணக்கு. அந்த ஏற்றத்தை நிறுத்த முடிந்தால் முதுமை நிற்கும். ஆனால் படிக்கட்டில் வழுக்குவதும் லாரி மோதுவதும் நிற்காது. வருடத்துக்கு இரண்டாயிரத்தில் ஒருவர் மட்டும் விபத்தில் சாகிறார் என்று வைத்துக்கொண்டு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட 1,400 வருடத்தில் பாதிப் பேர் காலி. வயதானபின் மறுபடி குழந்தைப் பருவத்துக்குத் திரும்பும் ஒருவகை ஜெல்லிமீன் உண்டு. ‘சாகாத ஜெல்லி’ என்று அதற்குச் செல்லப்பெயரும் இருக்கிறது. வேறொரு பிராணி தின்றால் அதுவும் செத்துத்தான் போகும்.

இதில் எனக்குத் தூக்கம் கெடுத்த விஷயம் வேறு. 1961இல் லெனார்டு ஹேஃப்ளிக் என்ற ஆய்வாளர், மனித உடம்பின் சாதாரண செல்கள் முடிவில்லாமல் பிரிவதில்லை என்று காட்டினார். ஏறக்குறைய ஐம்பது முறை பிரியும், அப்புறம் நின்றுவிடும். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோமின் நுனி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வது இதற்கு முக்கியமான காரணம். இந்தத் தேய்மானத்தை ஏமாற்றி, நிற்காமல் பிரியக் கற்றுக்கொண்ட செல்களும் உண்டு. பெரும்பாலான புற்றுநோய்ச் செல்கள் அப்படிப்பட்டவைதான். ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண் 1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்தார். வயது 31. சிகிச்சையின்போது அவரிடம் கேட்காமலே கட்டியிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் உலகம் முழுக்க ஆய்வகங்களில் பிரிந்துகொண்டிருக்கின்றன. அந்தப் பெண்ணின் உடம்பில் சாகாவரம் பெற்றது எதுவோ, அதுதான் அவரைக் கொன்றது. உடம்புக்குள் ஒன்று மட்டும் ‘நான் நிற்க மாட்டேன்’ என்று அடம்பிடித்தால் மற்றதெல்லாம் என்ன கதிக்கு ஆளாகும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குத் தெரியாது.

எல்லோரும் சாகாவிட்டால் இடம் எங்கே, வேலை எங்கே என்று சிலர் கேட்பார்கள். அது திட்டக் குழுக்காரர்களின் கவலை. எனக்கு ஒரே ஒரு பயம்தான். சர்வாதிகாரிகளும் சாகமாட்டார்கள்.

உங்கள் நண்பர்கள் சொன்ன சலிப்புக்கு வருகிறேன். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. திருமூலர் மூவாயிரம் வருடம் இருந்து வருடத்துக்கு ஒரு பாட்டு வீதம் பாடினார் என்பது மரபு. எனக்கு அந்த வசதி கொடுத்தால் நானும் சலிக்காமல் எழுதுவேன். கட்டுரை எப்போது வரும் என்று கேட்கும் பத்திரிகை ஆசிரியர்கள்தான் பாவம். அதோடு மனிதனுக்கு மறதி என்று ஒன்று இருக்கிறது. போன மாதம் ஒரு துப்பறியும் நாவலை முக்கால்வாசி படித்து, கொலைகாரன் இவன்தான் என்று பெருமையாக ஊகித்தேன். கடைசிப் பக்கத்தில் கொலைகாரனின் பெயருக்குக் கீழே என் கையெழுத்தில் ‘எதிர்பார்த்ததுதான்’ என்று எழுதியிருந்தது. இந்த லட்சணத்தில் எங்கிருந்து சலிக்கும்?

சிக்கலும் இந்த மறதியில்தான் இருக்கிறது. அலமாரியை ஒழித்தபோது இருபத்தாறு வருடம் முந்தைய என் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. நீல அட்டை, முதுகில் ஒட்டுத்தாள். ஒரு பக்கத்தில் ‘ஆர்.-இடம் கட்டாயம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தள்ளிப்போடாதே’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். இரண்டாவது கோட்டை அழுத்திப் போட்டதில் தாள் கிழிந்திருக்கிறது. அந்த ஆர். யாரென்று எனக்குத் தெரியவில்லை. என்ன செய்தேன், கேட்டேனா, மன்னித்தாரா, ஒன்றும் ஞாபகமில்லை. ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. தாளைக் கிழிக்கிற அளவுக்கு உறுத்திய ஒரு விஷயம் இருபத்தாறு வருடத்தில் இப்படித் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது. இதை எழுதியவனுக்குக் காரியம் யாரும் செய்யவில்லை. ஆனாலும் அவன் போய்விட்டான் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருபத்தாறு வருடத்துக்கே இந்தக் கதி என்றால் ஆயிரம் வருடத்துக்கு? அன்றைக்கு எழுந்து ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லப்போகிற ஆசாமிக்கு உங்கள் பெயர் இருக்கும். உங்கள் அப்பாவின் குரல் அவனுக்கு ஞாபகம் இருக்குமா? இல்லையென்றால் யாரோ ஒரு அந்நியனுக்காக நீங்கள் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறீர்கள். சரி, எதையும் மறக்காத மூளையையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆயிரம் வருடத்துச் சாவுகளையும் அவமானங்களையும் நேற்று நடந்த மாதிரி சுமப்பவன் எப்படி இருப்பான் என்று யோசித்தால், எனக்கு மறுபடி அசுவத்தாமன்தான் ஞாபகத்துக்கு வருகிறான்.

துணை இல்லாத பிரச்சினையும் சின்னதல்ல. பிரான்சில் ஆர்ல் நகரத்தில் ழான் கால்மான் என்ற அம்மையார் இருந்தார். 1875இல் பிறந்து 1997இல் இறந்தார். 122 வருடம், 164 நாள். பதிவான மனித ஆயுள்களில் இதுவே மிக நீண்டது. தொண்ணூறு வயதில் அவர் தன் வீட்டை ஒரு நோட்டரிக்கு விற்றார். அம்மையார் உயிரோடு இருக்கும்வரை மாதாமாதம் பணம் கொடுப்பது, போன பிறகு வீட்டை எடுத்துக்கொள்வது என்று ஒப்பந்தம். அப்போது நோட்டரிக்கு வயது 47. முப்பது வருடம் பணம் கட்டிவிட்டு அவர் முந்திக்கொண்டார். மீதியை அவர் மனைவி கட்டினார். நாம் சிரிக்கிற பகுதி இதுதான். அம்மையாரின் ஒரே மகள் 1934இல் இறந்தாள், கணவர் 1942இல், ஒரே பேரன் 1963இல் கார் விபத்தில். அதன் பிறகு 34 வருடம் அவர் இருந்தார். அவரைச் சின்னப் பெண்ணாகப் பார்த்தவர்கள் ஒருவர்கூட மிச்சமில்லாத 34 வருடம்.

புறநானூற்றில் 182ஆம் பாட்டு இங்கேதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்திரனுடைய அமிழ்தமே கிடைத்தாலும், இனிக்கிறதே என்று தனியாக உண்ணாதவர்கள் இருப்பதால்தான் இந்த உலகம் இன்னும் இருக்கிறது என்கிறார் கவிஞர். சாதாரணமாக இதைப் பகிர்ந்து உண்ணும் பண்புக்கு உதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அது சாகாமல் வைக்கும் பண்டம் என்பதை மறந்துவிடுகிறோம். தனியாகச் சாகாமல் இருப்பதை மறுப்பவர்களைப் பற்றிய பாட்டு என்று நான் அதைப் படிக்கிறேன். எழுதியவர் பெயர் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி. அவர் எப்படிச் செத்தார் என்பதுதான் இரண்டாயிரம் வருடமாக அவர் பெயரில் ஒட்டிக்கொண்டு உயிரோடு இருக்கிறது. விசித்திரம்தான்.

உங்கள் அப்பா ‘போதும்’ என்று சொல்லாததைக் குறிப்பிட்டு எழுதியிருந்தீர்கள். அவர் நூறு வருடமும் கேட்கவில்லை, மழை விட்டதும் ஜன்னலைத் திறக்கத்தான் சொன்னார். திறந்தீர்களா, அவர் பார்த்தாரா என்று நீங்கள் எழுதவில்லை. முடிந்தால் எழுதுங்கள். வெளியிடுவதற்காகக் கேட்கவில்லை.

மாத்திரைக் கேள்விக்கு மழுப்பாமல் பதில்: விழுங்குவேன். இரண்டு நிபந்தனை. வேண்டாம் என்று தோன்றும் நாளில் நிறுத்திக்கொள்ள வழி இருக்க வேண்டும். இரண்டு மாத்திரையாகத் தர வேண்டும். இரண்டாவது மாத்திரை யாருக்கோ அவரிடமே கேட்டுவிடலாம் என்று நேற்று இரவு உங்கள் கடிதத்தை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுக்கலாமா?” என்றாள். மாத்திரையைத்தான் சொல்கிறாளா என்று நான் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளவில்லை.