சந்தக்பு போக ஆசை, ஐந்து பேருக்கு இடம் கிடைக்குமா?

கேள்வி: நாங்கள் கல்லூரித் தோழிகள் ஐந்து பேர், ஊர் கோவை. தீபாவளியை ஒட்டி நாலைந்து நாள் இமயமலைப் பக்கம் நடந்துவிட்டு வர ஆசை. டார்ஜிலிங் பக்கத்தில் சந்தக்பு என்ற மலையுச்சி நல்லது என்கிறாள் ஒருத்தி. எங்களில் மூன்று பேர் மருதமலைப் படியைத் தாண்டி எதுவும் ஏறியதில்லை, செலவும் கையைக் கடிக்கக் கூடாது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் ரயில் டிக்கெட்டில் ஆரம்பிக்காதீர்கள், படுக்கப்போகும் இடத்தில் ஆரம்பியுங்கள்.

சிங்கலிலா தேசியப் பூங்கா வழியாகத்தான் பாதை போகிறது. மழைக்காக ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மூடியிருப்பார்கள். திறந்து, மழையும் ஓய்ந்து, வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும் நேரத்தில்தான் துர்கா பூஜை விடுமுறையும் வருகிறது, அதிலிருந்து காளி பூஜை வரை, அதாவது நம் தீபாவளி வரை, கொல்கத்தாவே கிளம்பி அங்கே வந்துவிடும். மேலே இருப்பவை சின்னச் சின்ன ஊர்கள், ஒவ்வொன்றிலும் சில விடுதிகள்தான். நான் பூஜை வாரத்தில் போய் மாட்டிக்கொண்டேன். போனில் சரி என்று சொன்ன அறையை வேறு கூட்டத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், நாங்கள் நான்கு பேரும் சமையலறை அடுப்போரம், கயிற்றில் காய்ந்துகொண்டிருந்த யார் யாருடைய காலுறைகளுக்கோ கீழே படுத்தோம். அடுப்பின் சூடும், அந்த வீட்டு அக்கா நள்ளிரவில் கொண்டுவந்து போர்த்திய கம்பளியும் இன்றும் நினைவில் இருக்கின்றன. ஆனாலும் முன்பணம் அனுப்பி, அனுப்பியதற்கு ரசீதும் வாங்கிவிடுங்கள். காளி பூஜை முடிந்த மறுவாரம் கிளம்பினால் கூட்டம் குறையும், குளிர் கொஞ்சம் கூடும். அதுதான் என் சிபாரிசு. இடம் உறுதியான பிறகு, பயணத்துக்கு 60 நாள் முன்னால் ரயில் முன்பதிவு திறக்கும் அன்றே டிக்கெட் எடுங்கள்.

எந்த இரவு எந்த ஊரில் என்பதை உங்கள் பர்ஸை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், உயரத்தையும் பாருங்கள், உடம்பு அதற்குப் பழக நேரம் வேண்டும். சந்தக்பு 3,636 மீட்டர், நம் தொட்டபெட்டாவைவிட ஏறக்குறைய 1,000 மீட்டர் அதிகம். நடை தொடங்கும் ஊரான மானேபஞ்சனில் வழிகாட்டியைக் கூட்டிக்கொண்டு (பூங்காவுக்குள் கட்டாயம், அடையாள அட்டையும் வேண்டும்) முதல் நாள் டும்லிங், இரண்டாம் நாள் காலிபோக்ரி, மூன்றாம் நாள் சந்தக்பு என்று போங்கள். கடைசி ஆறு கிலோமீட்டர்தான் மூச்சு வாங்கும். உங்களில் யார் மெதுவாக நடப்பவரோ அவரை முன்னால் விடுங்கள். யாருக்காவது தலைவலியோடு வாந்தியும் வந்தால் அதற்கு மேல் ஏறவே கூடாது, கீழே இறங்குங்கள். இதில் சமாதானமே வேண்டாம்.

டும்லிங், காலிபோக்ரி எல்லாம் எல்லைக்கோட்டு ஊர்கள், சில வீடுகள் நேபாளத்தில் இருக்கும். ட்ரெக்கர்ஸ் ஹட் என்கிற மலையேறுவோர் விடுதியில் பொது அறைப் படுக்கைதான் மலிவு. வீடுகளில் சாப்பாட்டோடு சேர்த்து ஆளுக்கு இவ்வளவு என்பார்கள், கணக்குப் பார்த்தால் ஐந்து பேருக்கு அதுவே கட்டுப்படியாகும், சூடான துக்பாவும் (நூடுல்ஸ் சூப்) கிடைக்கும். வெந்நீருக்கும் சார்ஜ் போடவும் தனிக் காசா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பணத்தை மலையேறும் முன் அடிவார நகரமான சிலிகுரியிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

சந்தக்புவில் ஐந்து மணிக்கே எழுந்துவிடுங்கள். முதலில் கஞ்சன்ஜங்காவின் நுனியில் மட்டும் ஒரு செம்பொட்டு விழும், அப்புறம் அது வழிந்து இறங்கும். இடப்பக்கம் தூரத்தில் மக்காலுவும் லோட்சேயும் எவரெஸ்ட்டும் நிற்கும். பேசாமல் பாருங்கள்.

இறங்குவதற்குக் குர்தும் வழியாக ஸ்ரீகோலா போகும் காட்டுப் பாதையைப் பிடியுங்கள், அங்கே ஓர் இரவு தங்கி மறுநாள் ரிம்பிக்கிலிருந்து ஜீப். திரும்பும் ரயிலுக்கு முன் ஒரு நாள் கைவசம் வையுங்கள். 2025 அக்டோபர் முதல் வாரப் பெருமழையில் டார்ஜிலிங் மலையில் நிலச்சரிவு வந்து உயிர்களே போயின, சாலைகளும் அறுந்தன.

கேள்வி: எங்களில் ஒருத்திக்கு முழங்கால் வலி. அவள் மட்டும் ஜீப்பில் வரலாமா?

பதில்: வரலாம், மேலே வரைக்கும் வண்டி போகிறது, பழைய லேண்ட் ரோவர்கள்கூட இன்னும் ஓடுகின்றன. ஆனால் ஒரே நாளில் உச்சிக்குப் போனால் தலைவலி நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். டும்லிங்கிலும் காலிபோக்ரியிலும் அவளும் உங்களோடு தங்கட்டும், பகலில் மட்டும் வண்டியில் வரட்டும். இறக்கத்தில்தான் முழங்கால் அதிகம் படுத்தும், அதனால் ஸ்ரீகோலா பக்கம் வேண்டாம், வந்த வழியே ஜீப்பில் திரும்பட்டும், துணைக்கு உங்களில் ஒருவரும் கூடப் போங்கள்.