பெண்பிள்ளைகளுக்கு எச்.ஐ.வி. வகுப்பு: பயமுறுத்தாமல் நடத்துவது எப்படி?

கேள்வி: எங்கள் மகளிர் சுயஉதவிக் குழு சார்பில் டிசம்பர் 1 அன்று, 13 முதல் 17 வயது வரையுள்ள பெண்பிள்ளைகள் 30 பேருக்கு எச்.ஐ.வி. விழிப்புணர்வுக் கூட்டம் போட நினைக்கிறோம். பெற்றோர் முகம் சுளிக்காமல், பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி எப்படி நடத்துவது?

பதில்: ஒரு டாக்டர் பேச்சு, உறுதிமொழி, டீ பிஸ்கட் என்று ஒரே நாளில் முடித்தால் பிள்ளைகள் மனதில் பயம்தான் மிஞ்சும். 13–14 வயது ஒரு குழு, 15–17 இன்னொரு குழு எனப் பிரித்து, வாரம் முக்கால் மணி நேரமாக நான்கு வாரம் நடத்துங்கள். மாதவிடாயும் ரத்தசோகையும் முதல் வாரம், தொடுதல், சம்மதம், செல்போன் தொல்லை இரண்டாவது, எச்.ஐ.வி. மூன்றாவது, உதவிக்கு எங்கே போவது என்பது நான்காவது.

அம்மாக்களை முன்னதாகவே அழைத்து, நான்கு வாரமும் என்ன பேசுவீர்கள் என்று வாசித்துக் காட்டுங்கள். 'பொது சுகாதாரம்' என்று மழுப்பினால், ஒரு பிள்ளையின் நோட்டு வீட்டில் கண்ணில் பட்டதும் வகுப்பே நின்றுவிடும்.

கேள்விப் பெட்டி கட்டாயம் வேண்டும். கேள்வி இல்லாதவர்களும் வெற்றுத் துண்டுச் சீட்டாவது போட வேண்டும். இல்லையென்றால் எழுதியவள் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தொற்று பரவுவதைக் காட்ட ஒரு விளையாட்டு. 16 வெள்ளைப் பேப்பர் கப்புகள். பிள்ளைகள் 15 பேர் என்றால் 16-வது கப் உங்களுக்கு. ஒரு கப்பில் மட்டும் ஆறிய, நீர்த்த சோற்றுக் கஞ்சி, மற்றவற்றில் தண்ணீர். எது கஞ்சி என்று உங்களுக்கே தெரியாதபடி கலைத்துவிடுங்கள். இருவர் இருவராக ஒருவர் கப்பில் மற்றவர் ஊற்றிக் கலந்து பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆளை மாற்றி மூன்று முறை. பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு பெட்டாடைன் (புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து). எட்டு கப்புகள் வரை நீலக்கருப்பாகும். கஞ்சி சூடாக இருந்தால் நிறம் வராது. கெட்டியாக இருந்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும். முந்தின நாளே கஞ்சி ஒரு ஸ்பூனுக்குத் தண்ணீர் ஏழு ஸ்பூன் கலந்து, நிறம் மாறுகிறதா என்று சோதித்துவிடுங்கள். யாரும் குடிக்கக்கூடாது.

விளையாட்டு முடிந்ததும் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். கப்பில் கலந்ததுபோல ஒவ்வொரு உடலுறவிலும் தொற்றியே தீரும் என்றில்லை. பாதுகாப்பற்ற உடலுறவு, தொற்றுள்ள ரத்தம், பகிர்ந்த ஊசி, தாயிடமிருந்து குழந்தை ஆகியவை தவிர வேறு வழியில், கொசுக்கடியாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ பரவாது. பிறவியிலேயே தொற்றுள்ள பிள்ளை அந்த அறையில் இருக்கலாம். எலும்பும் தோலுமான படங்கள் வேண்டாம். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்தவரிடமிருந்து உடலுறவால் தொற்றாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

'ஒழுக்கமாக இரு' என்ற அறிவுரை மட்டும் பலன் தராது. மேற்குக் கென்யாவில் 2004-ல் நடந்த ஆய்வில், சக வயதுப் பையன்களைவிட மூத்த ஆண்களிடம்தான் தொற்று அதிகம் என்ற விவரத்தை மாணவிகளுக்குச் சொன்னார்கள். பதின்வயதுக் குழந்தைப்பேறு 28 சதவீதம் குறைந்தது. விலகியிருக்கச் சொல்லும் பாடத்திட்டத்துக்கு ஆசிரியர்களைப் பயிற்றுவித்த பள்ளிகளில் அந்தக் குறைவு இல்லை.

சட்டத்தில் கவனமாக இருங்கள். 18 வயதுக்குக் கீழ் பரிசோதனைக்குப் பாதுகாவலர் சம்மதம் தேவை. முகாம் போட்டு மொத்தமாக ரத்தம் எடுக்கக் கூடாது. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்வது போக்சோ சட்டப்படி கட்டாயம். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவதுதான் நேர்மை. வன்முறை நடந்திருந்தால் போலீஸ் புகாருக்காகக் காத்திராமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தவரை முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும்.

நான்காவது வாரம் அருகிலுள்ள நம்பிக்கை மையத்தின் (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) ஆலோசகரை வரவழையுங்கள். 1097 (எச்.ஐ.வி. உதவி எண்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் எழுதவையுங்கள்.