பிரவுசரில் கேஷ், குக்கீ அழிப்பது என்றால் என்ன? எப்போது தேவை?

ஒரு தளத்தைத் திறக்கும்போது அதன் படங்கள், எழுத்துருக்கள், நிரல்களை பிரவுசர் உங்கள் போனிலேயே பிரதி எடுத்து வைக்கும். அதுதான் கேஷ். நீங்கள் லாகின் செய்தவர் என்பதை நினைவில் வைக்கும் சிறு குறிப்பு குக்கீ.

தக்கலையில் பூக்கட்டி விற்பவர் ஒவ்வொரு முழத்துக்கும் தோவாளை சந்தைக்கு ஓடமாட்டார். காலையில் வாங்கியதை ஈரத்துணியில் சுற்றி வைத்து, அதிலிருந்தே தருவார். கேஷும் அப்படித்தான்: வேகம், டேட்டா மிச்சம். தளம் மாறிய பிறகும் பழைய பிரதி தங்கிவிட்டால்தான் தொல்லை. பட்டன் வேலை செய்யாது, பக்கம் கோணலாக வரும்.

கம்ப்யூட்டரில் முதலில் கன்ட்ரோல் + எஃப்5 அழுத்துங்கள். அந்தப் பக்கம் மட்டும் புதிதாக இறங்கும். பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். தீராவிட்டால் கன்ட்ரோல் + ஷிஃப்ட் + டெலிட் அழுத்துங்கள்; கேஷ், குக்கீ அழிக்கும் பெட்டி திறக்கும். ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டெலிட் பிரவுசிங் டேட்டா. கால அளவை 'ஆல் டைம்' ஆக்கி, கேஷுக்கு மட்டும் டிக் வையுங்கள். குக்கீயையும் அழித்தால் பெரும்பாலான தளங்களில் மறுபடி லாகின் செய்ய வேண்டும். ஓடிபிக்காகக் காத்திருக்கும் வேலை வேறு. பாஸ்வேர்டு கட்டம் தெரிந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

வாராவாரம் அழித்தால் போன் வேகமாகும் என்பது தவறு. பக்கங்கள் மறுபடி முழுதாக இறங்க வேண்டியிருப்பதால் கொஞ்ச நேரம் மெதுவாகவே இருக்கும்.