ஆவணப்படம் இயக்க வருகிறவர்களுக்கு: கேள்வி பதில்

தேவனாம்பட்டினத்திலிருந்து: அண்ணா, கரையில எடுத்த மீனவர் பேட்டி முழுக்க காத்து இரைச்சல். எடிட்டிங்ல சரி பண்ணிடலாமா?

கொஞ்சம் குறைக்கலாம் தம்பி, முழுசா எடுக்க முடியாது. காற்று மோதி ஒலி அளவு மீறிச் சிதைந்திருந்தால் எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. எடுக்கும்போதே தடுக்கணும். காலர் மைக்கோடு வரும் நுரை உறை வீட்டுக்குள்தான் உதவும். கடற்கரைக்கு, மைக்குக்கு மேலே முடி முடியாக இருக்கும் ரோம உறை போடு. ரெக்கார்டரில் லோ கட் (தாழ்ந்த இரைச்சலை வெட்டும் வசதி) 80 ஹெர்ட்ஸில் இருக்கட்டும், பேச்சின் உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். மேலே ஏற்றி வைத்த படகுக்குக் கரைப்பக்கமாக, காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வை. பிற்பகலில் கடற்காற்று ஏறிவிடும், காலையே நல்லது. ஆனால் ஏல நேரத்தில் போய் நிற்காதே, யாருக்கும் பேச நேரமிருக்காது. ஏலம் முடிந்து வலையைச் சரிசெய்ய உட்காரும்போது போ. கை வேலையில் இருந்தால் பேச்சும் இயல்பாக வரும். முடிந்ததும் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அந்த இடத்து ஓசையை ஒரு நிமிடம் பதிவு செய். வெட்டு விழும் இடங்களை மறைக்க அது கட்டாயம் வேண்டும்.

லாஸ்பேட்டையிலிருந்து: வீட்டுக்குள்ள விளக்குல எடுத்தா வீடியோவுல வரிவரியா ஓடுது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு அதற்கேற்பத் துடிப்பதுதான் அந்த வரிகள். நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் (ஒவ்வொரு ஃப்ரேமிலும் ஒளி விழும் நேரம்) 1/50 நொடி வையுங்கள். ஃபோனில் ஆட்டோ வேண்டாம். சில மலிவு எல்இடி பல்புகள் இதற்கும் அடங்காது. அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.

கடலூர் முதுநகரிலிருந்து: சிப்காட் பக்கத்துல ஆலைத் தொழிலாளர் ஒருத்தர் பேச ஒத்துக்கிட்டார். சம்மத ஃபார்ம்ல கையெழுத்து வாங்கினா போதுமா?

கையெழுத்து உங்களைத்தான் காப்பாற்றும், அவரை அல்ல. படம் எதைப் பற்றியது, எங்கே திரையிடுவீர்கள், யூடியூபில் வருமா என்று தமிழில் சொல்லி, அவர் சம்மதத்தைக் கேமராவிலும் பதிவு செய்யுங்கள். வேலை போகும் ஆபத்து இருந்தால் முகத்தை மங்கலாக்குவது மட்டும் பத்தாது. குரல், வண்டி நம்பர், கொடியில் காயும் யூனிஃபார்ம், சுவரில் தொங்கும் குடும்பப் படம், எல்லாமே காட்டிக் கொடுக்கும். கைகளை மட்டும் எடுத்து, அவர் சொன்னதை வேறொருவரை வாசிக்கச் சொல்லுங்கள். ரஃப் கட், அதாவது முதல் எடிட்டை, அவருக்குப் போட்டுக் காட்டிய பிறகே வெளியே விடுங்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஷாட் எவ்வளவு அழகாக இருந்தாலும் தூக்கிவிடுங்கள்.

பாகூரிலிருந்து: ஆவணப்படத்தை நம்பிப் பிழைக்க முடியுமா?

முதல் சில வருடம் கஷ்டம். எடிட்டிங்கோ ஒலிப்பதிவோ ஒன்றைத் தொழிலாகக் கற்றுக்கொள்ளுங்கள். வாடகையை அது கட்டும். நிதிக்கு பெங்களூருவின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், ஆவணப்படத் திட்டத்தை நிதி தருவோர் முன் வைக்கும் கொல்கத்தாவின் டாக்எட்ஜ் சந்திப்பு போன்ற இடங்களைப் பாருங்கள். ஒரு பக்கக் கதைச்சுருக்கம், எப்படிச் சொல்லப் போகிறீர்கள் என்ற குறிப்பு, பட்ஜெட், எடுத்த காட்சிகளில் 3 நிமிடம் தயாராக இருக்கட்டும். பட்ஜெட்டில் பலரும் விடுவது ஒலிக்கலவை, சப்டைட்டில், இசை உரிமை, இரண்டாவது ஹார்ட் டிஸ்க். ஆங்கில சப்டைட்டில் இல்லாமல் பக்கத்திலுள்ள திருவனந்தபுரம் ஆவணப்பட விழாவுக்குக்கூட அனுப்ப முடியாது.

நெல்லிக்குப்பத்திலிருந்து: ஆவணப்படத்துக்கும் சென்சார் உண்டா?

தியேட்டரில் பொதுமக்களுக்குத் திரையிட உண்டு. திரைப்பட விழா என்றால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விலக்கு கேட்கலாம்; அதை விழா நடத்துகிறவர்களே வாங்குவார்கள்.