பத்து சென்டில் பூங்காவா?

கேள்வி: எங்கள் ஊர் பஜார் நடுவே நகராட்சிக்குச் சொந்தமாகப் பத்து சென்ட் காலி மனை கிடக்கிறது. பூங்கா வைக்கச் சொன்னால், ‘இத்தனூண்டு இடத்தில் பூங்காவா? கார் நிறுத்தவாவது விடலாம்’ என்று சிரிக்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: சிரிப்பவர்களைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். ஒரு கார் நுழைய, திரும்ப, நிற்க எல்லாம் சேர்த்துச் சுமார் 300 சதுர அடி பிடிக்கும். பத்து சென்டில் பதினான்கு கார். அதையும் அதே தெருக் கடை முதலாளிகள் காலையில் விட்டுவிட்டு ராத்திரிதான் எடுப்பார்கள்.

நியூயார்க் மன்ஹாட்டனில், 53-வது தெருவில் இருக்கும் பேலி பார்க் உங்கள் மனையைவிடச் சிறியது. 42 அடிக்கு 100 அடி; நம் கணக்கில் ஒன்றே முக்கால் கிரவுண்டு. ‘ஸ்டார்க் கிளப்’ என்ற பேர்பெற்ற இரவு விடுதி இருந்த இடம். அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத் தலைவர் வில்லியம் பேலி தன் தகப்பனார் நினைவாகப் பணம் போட்டார். ராபர்ட் சயான் வடிவமைத்தார். 1967 மே மாதம் திறந்தார்கள்.

பின்சுவர் முழுக்க 20 அடி உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. நிமிடத்துக்கு 1,800 கேலன், அதாவது ஏறக்குறைய 6,800 லிட்டர். அதே தண்ணீரைத்தான் பம்பு திரும்பத் திரும்ப மேலேற்றுகிறது. அந்த இரைச்சல் தெருவின் ஹாரன் சத்தத்தை அமுக்கிவிடும், பக்கத்து மேஜைப் பேச்சும் காதில் விழாது. ஊரே மெச்சும் அந்த ‘அமைதி’ அசல் சத்தம்! பக்கச் சுவர்களில் ஐவிக் கொடி. நடுவே பன்னிரண்டு அடிக்கு ஒன்றாக ஹனி லோகஸ்ட் மரங்கள். பொடி இலை என்பதால் வெயில் சலித்து இறங்கும்.

எல்லாவற்றையும்விட நாற்காலிதான் விசேஷம். லேசான கம்பி நாற்காலி, தரையில் பதிக்காதது. நியூயார்க்கின் பொது இடங்களில் கேமரா வைத்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட் ஒரு வேடிக்கையைக் கவனித்தார்: வருகிறவர் நாற்காலியை இப்படி அப்படி நகர்த்துகிறார், சில சமயம் பழைய இடத்திலேயே கொண்டுவந்து போடுகிறார், அப்புறம்தான் உட்காருகிறார். நம் சிமென்ட் பெஞ்சில் அந்த உரிமை கிடையாது. வெயில் வந்தால் எழுந்து போக வேண்டியதுதான்.

அதற்காக அருவி கேட்டு மனுப் போடாதீர்கள். அங்கே பராமரிப்புக்கு அறக்கட்டளை இருக்கிறது. இங்கே பம்பு பழுதாகிப் பத்து நாள் நின்றால் தொட்டியில் டெங்குக் கொசுதான். மரத்தில் கவனம் வையுங்கள்: புங்கை, பூவரசு போதும். குல்மொஹர் வேண்டாம், 2016 வர்தா புயலில் சென்னையில் அது சாய்ந்த சாய்வு தெரியும். ஒவ்வொரு அடிமரத்தைச் சுற்றியும் நாலடிக்கு நாலடி மண் தரை விடச் சொல்லுங்கள். விடாவிட்டால் கான்டிராக்டர் டைல்ஸை மரத்தோடு ஒட்டிவிடுவார். தண்ணீர் இறங்காது, நாளைக்கு வேர் டைல்ஸைப் பெயர்க்கும். எட்டடி உயரம் வரை கிளைகளைக் கழித்துவிடுங்கள். தெருவில் நிற்பவருக்குப் பின்சுவர் தெரிய வேண்டும். மறைவு கிடைத்தால் பாட்டில் சேரும். முன்பக்கம் குரோட்டன்ஸ் வேலி, கம்பித் தடுப்பு, திறப்பாளர் பெயர் பொறித்த ஆளுயரக் கல்வெட்டு மூன்றுமே வேண்டாம்.

நாற்காலி திருட்டுப் போகும் என்பார்கள். பேலி பார்க்கில் வாசலிலேயே தின்பண்டக் கடை உண்டு, இரவில் கேட்டைப் பூட்டுகிறார்கள். நீங்களும் வாசலில் ஒரு டீக்கடைக்கு இடம் கொடுங்கள். ராத்திரி நாற்காலிகளை எண்ணி அடுக்கிப் பூட்டுவது கடைக்காரர் பொறுப்பு என்று குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள்.

காலையும் மாலையும் மட்டும் திறந்து மதியம் பூட்டும் வழக்கம் பல ஊர்ப் பூங்காக்களில் இருக்கிறது. அதை உள்ளே விடாதீர்கள். ஜவுளிக் கடையில் காலையிலிருந்து நின்றே வியாபாரம் பார்க்கும் பெண்கள் டிபன் பாக்ஸைத் திறப்பது மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள். விடியற்காலை ஐந்து மணிக்கு வாக்கிங் போகப் பத்து சென்டுக்கு யார் வரப்போகிறார்கள்?