மசாலா முதலில், மிசோ கடைசியில்: வாசகர் சமையல் கேள்வி–பதில்

கேள்வி: ஜப்பானிய உடோன் நூடுல்ஸை நம் காரசாரத்தோடு சைவ சூப்பாகச் செய்து பார்த்தேன். மிளகாய் விழுது, மிசோ (ஜப்பானிய புளிக்கவைத்த சோயா விழுது), சோயா சாஸ் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிட்டேன். காரக்குழம்பில் நூடுல்ஸ் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. சரியான முறையை அளவோடு சொல்லுங்கள்.

பதில்: ஒன்றாகப் போட்டதில்தான் கோளாறு. மிளகாய், மல்லி, சோம்பு எல்லாம் எண்ணெயில் நன்றாக வதங்கினால்தான் மணம் விடும். மிசோ நேர் எதிர். கொதிக்கக் கொதிக்க அதன் மணம் ஆவியோடு போய், உப்பு மட்டும் மிஞ்சும். அதனால் மசாலாவை முதலில் எண்ணெயில் வதக்க வேண்டும், மிசோவை அடுப்பை அணைத்த பிறகே கரைக்க வேண்டும்.

இரண்டு பேருக்கான அளவு இது. முதல் நாள் இரவே 800 மில்லி தண்ணீரில் 8 கிராம் கொம்பு, காய்ந்த ஷிடாகே காளான் 4 போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். (இந்தக் கொம்பு கடல்பாசி. மாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) அதன் மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பொடி ருசியுள்ளது, கழுவிவிடாதீர்கள். ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். மறுநாள் சிறு தீயில் சூடாக்கி, பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழ் வரத் தொடங்கியதும் கொம்பை எடுத்துவிடுங்கள். அது கொதித்தால் சாறு கொழகொழத்து லேசாகக் கசக்கும். காளான் மட்டும் இன்னும் 10 நிமிடம் கொதிக்கட்டும். பிறகு அதை எடுத்துக் காம்பை நீக்கி நறுக்கி வையுங்கள். சாற்றை வடிகட்டினால் சுமார் 700 மில்லி இருக்கும். குறைந்தால் வெந்நீர் சேர்த்துச் சரிசெய்யலாம்.

இந்த இரண்டையும் சேர்த்து ஊறவைப்பதற்குக் காரணம் உண்டு. டோக்கியோவில் வேதியியல் பேராசிரியராக இருந்த கிகுனே இகேடா 1908இல் கொம்பிலிருந்து குளுட்டமேட் என்ற ருசிப்பொருளைப் பிரித்தெடுத்து, அந்த ருசிக்கு 'உமாமி' என்று பெயர் வைத்தார். காய்ந்த ஷிடாகேயில் இருப்பது குவானிலேட் என்ற இன்னொரு ருசிப்பொருள். இரண்டும் சேரும்போது ருசி பல மடங்கு தூக்கலாகத் தெரியும். மீன் சேர்க்காத சாற்றுக்கு இந்த ஜோடிதான் முதுகெலும்பு.

அடுத்து விழுது. காய்ந்த மிளகாய் 6 எடுத்து விதை நீக்கி, வெந்நீரில் 15 நிமிடம் ஊறவிடுங்கள். மல்லி 1 டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன், சோம்பு கால் டீஸ்பூன், வெள்ளை எள் 2 டேபிள்ஸ்பூன் ஆகியவற்றை வெறும் வாணலியில் வறுக்கவும். எள் சீக்கிரம் கருகும், ஆகவே அதைத் தனியாக வறுப்பது நல்லது. பூண்டு 5 பல், ஓர் அங்குல இஞ்சி சேர்த்து எல்லாவற்றையும் நைசாக அரைக்கவும். கரம் மசாலா வேண்டாம். பட்டையும் கிராம்பும் காளான் மணத்தை அமுக்கிவிடும். புளியும் வேண்டாம்.

கனமான பாத்திரத்தில் 2 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, விழுதை மிதமான தீயில் 5, 6 நிமிடம், பச்சை வாசனை போய் எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். இங்கே அவசரப்பட்டால் சூப் முழுக்கப் பச்சைப்பூண்டு வாடைதான். 1 டேபிள்ஸ்பூன் சோயா சாஸ், சாறு, நறுக்கிய காளான் சேர்த்து 5 நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணையுங்கள். 2 டேபிள்ஸ்பூன் மிசோவை ஒரு கரண்டி சூப்பில் கட்டியில்லாமல் கரைத்து ஊற்றுங்கள். தனியாக உப்பு போடவே கூடாது. மிசோவில் சுமார் 12 சதவீதம், சோயா சாஸில் சுமார் 16 சதவீதம் உப்பு இருக்கிறது. இரண்டிலுமாக 7 கிராம் உப்பு வந்துவிடுகிறது, 700 மில்லிக்கு அது தாராளம்.

காய்ந்த உடோன் 200 கிராமைத் தனிப் பாத்திரத்தில் வேகவைத்துக் கிண்ணங்களில் போட்டு, சூப்பை ஊற்றுங்கள். மேலே வைக்க, 200 கிராம் கெட்டி டோஃபுவைத் துணியில் சுற்றி 20 நிமிடம் பாரம் வைத்துத் தண்ணீரைப் பிழிந்து, துண்டுபோட்டு, சோள மாவில் புரட்டிப் பொரிக்கவும். முட்டைகோஸ், கேரட்டை நல்ல தீயில் 2 நிமிடம் புரட்டினால் போதும், கடிபடும் பதம் வேண்டும்.

கடைசியாகத் தாளிப்பு. 1 டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயைக் காயவைத்து, ஓர் ஆர்க்கு கறிவேப்பிலையைப் பொரித்து, அடுப்பை அணைத்து, அரை நிமிடம் கழித்துக் காஷ்மீரி மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன் போடவும். கொதிக்கும் எண்ணெயில் தூள் விழுந்தால் நொடியில் கருகிக் கசக்கும். ஜப்பானிய எள் எண்ணெயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது வறுத்த எள்ளில் ஆட்டியது, மணத்துக்காகக் கடைசியில் சில சொட்டு விடுவதற்குத்தான்.

கேள்வி: நூடுல்ஸ் களி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. எந்த வகை வாங்கலாம்?

பதில்: தண்ணீர் போதவில்லை, வெந்தபின் அலசவும் இல்லை. 200 கிராமுக்கு 2 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டும். உடோன் மாவிலேயே உப்பு உண்டு, தண்ணீரில் சேர்க்காதீர்கள். பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே ஒன்றைக் கடித்துப் பாருங்கள். வெந்ததும் வடித்து, குளிர்ந்த நீரில் கையால் தேய்த்து அலசினால் மேலே உள்ள மாவுப்பசை போய்விடும். பரிமாறும்போது வெந்நீரில் 20 விநாடி முக்கி எடுங்கள். ஒட்டக் கூடாது என்று எண்ணெய் பிசறுவது வேண்டாம், சூப் நூடுல்ஸில் பிடிக்காமல் வழுக்கிவிடும்.

தடித்த உடோன் இந்தக் காரத்தைத் தாங்கும். ராமெனும் நன்றாக இருக்கும். அதன் மஞ்சள் நிறமும் இழுபடும் தன்மையும் மாவில் சேரும் காரத்தன்மையுள்ள (alkaline) நீரால் வருவது, மிளகாய்க் காரமல்ல. ஆனால் சில வகைகளில் முட்டையும் சேர்ப்பார்கள், பார்த்து வாங்குங்கள். பக்வீட் என்ற தானிய மாவில் செய்யும் சோபா நூடுல்ஸை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் மெல்லிய மணம் இந்த மசாலாவில் காணாமல் போகும்.

எதுவும் கிடைக்காவிட்டால் மெல்லிய ஸ்பகெட்டியை, லிட்டருக்கு 1 டீஸ்பூன் சமையல் சோடா போட்ட தண்ணீரில் வேகவைத்தால் ராமென் பதத்துக்குப் பக்கத்தில் வரும். சோடா நுரைத்துப் பொங்கும், பெரிய பாத்திரம் எடுங்கள். அலுமினியம் கூடாது, கறுத்துவிடும். எவர்சில்வர்தான் சரி.

கேள்வி: மிசோ கிடைக்கவில்லை. அதற்குப் பதில் என்ன?

பதில்: அதே ருசி வேறெதிலும் வராது. ஆனால் நல்ல சூப் வரும். மொத்த சோயா சாஸை இரண்டரை டேபிள்ஸ்பூனாக்குங்கள், உப்புக் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். விழுது வதங்கும்போது 2 பழுத்த தக்காளியை அரைத்து ஊற்றி, அல்வா பதத்துக்குச் சுண்டவிடுங்கள். தக்காளியிலும் குளுட்டமேட் உண்டு. எள்ளை 1 டேபிள்ஸ்பூன் கூட்டினால் கெட்டித்தன்மையும் கிடைக்கும்.

கேள்வி: சைவம் என்று நம்பி எதை வாங்கக் கூடாது?

பதில்: 'டாஷி' (ஜப்பானிய சூப்புக்கான சாறு) என்று எழுதிய பொடி, திரவம் எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பெரும்பாலும் அதில் இருப்பது கட்சுவோபுஷி, அதாவது காய்ந்த மீன் சீவல். சில மிசோவிலேயே டாஷி கலந்திருக்கும். ஜப்பானிய குழம்புக் (curry) கட்டிகள் பலவற்றில் இறைச்சிச் சாறோ விலங்குக் கொழுப்போ சேரும். படம் முழுக்கக் காய்கறியாக இருந்தாலும் பொருள் பட்டியலைப் படியுங்கள். மிரின் என்ற இனிப்புச் சமையல் திரவம் அரிசியில் செய்வது, ஆனால் அதில் ஆல்கஹால் உண்டு. வேண்டாதவர்கள் கொஞ்சம் வெல்லம் போட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: காரம் அதிகமாகிவிட்டால்?

பதில்: தண்ணீர் ஊற்றாதீர்கள். மிளகாயின் காரம் கொழுப்பில்தான் கரையும், தண்ணீர் ருசியை மட்டும் நீர்க்கச் செய்யும். வறுத்த எள் விழுது 1 டேபிள்ஸ்பூன், அல்லது கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி சேருங்கள். தேங்காய்ப்பால் கலந்தால் ருசி தென்கிழக்கு ஆசியப் பக்கம் சாய்ந்துவிடும், என் ஓட்டு எள்ளுக்குத்தான்.

கேள்வி: டிபன் பாக்ஸுக்குக் கொடுக்கலாமா?

பதில்: சூப்போடு கொடுத்தால் நூடுல்ஸ் அதை உறிஞ்சி ஊதிவிடும். அதற்கு உலர்ந்த வகை செய்யுங்கள். நூடுல்ஸை பாக்கெட்டில் போட்ட நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்து அலசி, வதக்கிய விழுது 2 டேபிள்ஸ்பூனுடன் நல்ல தீயில் 2 நிமிடம் புரட்டுங்கள். அணைத்த பிறகு மிசோ 1 டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் 1 டீஸ்பூன், வெல்லம் அரை டீஸ்பூன், வெந்நீர் 3 டேபிள்ஸ்பூன் கலந்து பிசறுங்கள். ஒரு தடவைக்கு இரண்டு பேர் அளவுதான். வாணலி நிறைந்தால் நூடுல்ஸ் வறுபடாது, ஆவியில் வெந்து குழையும். நன்றாக ஆறிய பிறகே மூடுங்கள்.