ஆர்பிஜி: பிழையைத் திருத்திய பிறகும் புலம் சிவப்பாகவே இருப்பது ஏன்?

ஐபிஎம் ஐ கணினிகளின் ஆர்பிஜி மொழியில், தவறான தேதி வந்ததும் புலத்தைச் சிவப்பாக்க 40-ஆம் இண்டிகேட்டரை (ஆன் அல்லது ஆஃப் மட்டுமே காட்டும் எண்ணிட்ட கொடி) ஆன் செய்தது உங்கள் புரோகிராம். அதை ஆஃப் செய்வதும் அதன் வேலைதான். திரை தானாக அணைக்காது. திரையைக் காட்டி உள்ளீட்டைப் படிக்கும் எக்ஸ்எஃப்எம்டி கட்டளை முடிந்ததும், சரிபார்ப்பு தொடங்குமுன் 40-ஐ ஆஃப் செய்யுங்கள்.

எண்களோடு மல்லுக்கட்டுவதைவிடப் பெயர் வைப்பதே நல்லது. திரையை வரையறுக்கும் டிடிஎஸ்-இல் ஃபைல் மட்டத்தில் இண்டாரா, புரோகிராமில் அந்த ஃபைலை அறிவிக்கும் டிசிஎல்-எஃப் வரியில் இண்ட்டிஎஸ் என்ற குறிச்சொற்களைச் சேர்த்து, 99 பைட் டேட்டா ஸ்ட்ரக்சர் எழுதுங்கள். அதில் எஃப்3 விசைக்கான 3-ஆம் இடம் 'வெளியேறு', 40-ஆம் இடம் 'தேதிப்பிழை' என்றிருந்தால், ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கும் புரியும்.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று: இதன்பின் அந்த ஃபைலுக்கு பழைய ஸ்டார் இன்03 (3-ஆம் இண்டிகேட்டரின் வழக்கமான பெயர்) மாறாது. அதையே சோதித்துக்கொண்டிருந்தால், எஃப்3 அழுத்தினாலும் லூப் சுற்றிக்கொண்டே இருக்கும். டேட்டா ஸ்ட்ரக்சருக்குத் தொடக்க மதிப்பு தரும் ஐஎன்இசட்-ஐயும் மறக்காதீர்கள், இல்லையேல் இண்டிகேட்டர்களில் 0, 1 இல்லாமல் வெற்றிடம் இருக்கும். டிஸ்பிளே ஃபைலை முதலில், புரோகிராமைப் பிறகு கம்பைல் செய்யுங்கள்.